கை கால் வந்துடுச்சு... மத்ததெல்லாம்?

"அப்பா எப்படிடா இருக்காரு?"

"சூப்பரா இருக்காருடா. கை கால் நல்லா வந்துடுச்சு. கடைக்கே போறாரு."

ஆறு மாசமா யார் கேட்டாலும் நான் சொன்ன பதில் இதுதான். மனசறிஞ்சு பொய் சொல்லலை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்பினதும் அவ்வளவுதான். இந்தப் பதிவு அந்த 'அவ்வளவுதான்' பத்தி. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி அப்பாவுக்கு பக்கவாதம். வலது பக்க மூளையில அடைப்பு, அதனால இடது கை, இடது கால் விழுந்துடுச்சு. வயசு 58. சின்ன ஊர்ல மளிகைக் கடை. பி.பி. மாத்திரையை 'நல்லாத்தானே இருக்கேன்'னு அவரே நிறுத்திட்டாரு, அது தனிக் கதை. பதினொரு நாள் ஆஸ்பத்திரி, மூணு மாசம் பிசியோதெரபி. கால் வந்தது, கை முக்கால்வாசி வந்தது. வீட்ல எல்லாரும் குலதெய்வத்துக்குப் பொங்கல் வெச்சோம்.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு கையில ஒரு ஃபைல் கொடுத்தாங்க. எந்த மாத்திரை எப்போ, உப்பைக் குறைங்க, கையை இப்படி மடக்குங்க, காலை இப்படி நீட்டுங்க. எல்லாம் இருந்தது. மூளையில அடிபட்ட ஒரு மனுஷன் யோசிக்கிறதுல, கவனிக்கிறதுல, முடிவெடுக்கிறதுல என்ன மாறும்னு ஒரு வரி இல்லை. அடிபட்டது காலு இல்லைங்க, மூளை. கால் கெட்டது அதோட விளைவு. இதை நானும் அப்போ யோசிக்கலை.

நம்ம ஆபீஸ்ல ஒருத்தன் வேலையை விட்டுப் போனா, அவன் புடுங்கின நாலு ஆணியை அடுத்தவனுக்குக் கொடுக்க ரெண்டு வாரம் கே.டி. செஷன் போடுறோம். ஒரு மனுஷனோட மூளை நிலவரமே மாறி வீட்டுக்கு வருது, அதுக்கு ஒரு மணி நேர கே.டி. கிடையாது.

சரி, என்ன நடந்ததுன்னு சொல்றேன்.

முதல்ல சாப்பாடு. தட்டுல பாதியை வெச்சுட்டு எழுந்திருப்பாரு. "பொரியல் வைக்கலியா?"ன்னு அம்மாவைக் கேப்பாரு. பொரியல் தட்டோட இடது ஓரத்துல அப்படியே இருக்கும். அம்மா இது ருசி பிடிக்காததுக்குச் சொல்ற குத்தல்னு நினைச்சு நாலு நாள் பேசலை. ஒரு கல்யாணத்துல இலையில உப்பு வைக்கலைன்னு பரிமாறுற பையனை சத்தம் போட்டுட்டாரு. உப்பு எங்கே வைப்பாங்க, இலையோட இடது பக்க மூலைலதானே? இருந்தது. எல்லாரும் பாத்தாங்க. எனக்குத் தலை குனிவா போச்சு. வெளியில வந்து, "வேணும்னே பண்றீங்களாப்பா?"ன்னு கத்துனேன். அவர் என்னையே பாத்துட்டு நின்னாரு. அந்தப் பார்வை இன்னும் மனசுல இருக்கு.

அடுத்தது கடை. கல்லாவுல கணக்கு இடிக்க ஆரம்பிச்சது. தினமும் நூறு, இருநூறு குறையுது. கடையில ஆறு வருஷமா வேலை பாத்த பையன் ஒருத்தன் இருந்தான். அப்பா தூக்கி வளர்க்காத குறை. அவன்தான் எடுக்கிறான்னு அப்பா முடிவு பண்ணிட்டாரு. நாங்களும் நம்பினோம். முப்பது வருஷமா மனக்கணக்கு போடுறவரு தப்பு பண்ணுவாரா? பையனைத் திருடன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவன் அழுதுக்கிட்டே போனான்னு அம்மா போன்ல சொன்னாங்க.

அவன் போன பிறகும் கல்லா குறைஞ்சுக்கிட்டே இருந்தது.

இதுக்கு நடுவுல டிவிஎஸ் 50 எடுத்துக்கிட்டுப் போய் இடது பக்கம் நின்ன தள்ளுவண்டியில இடிச்சுட்டு வந்தாரு. நல்லவேளை, தக்காளியோட போச்சு. அதுக்கப்புறம்தான் பயந்துபோய் வேற ஒரு ஊர்ல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கே நரம்பியல் டாக்டர் பாத்துட்டு, "ஓ.டி. கிட்ட போய்ப் பாருங்க"ன்னாரு. ஓ.டி.ன்னதும் நமக்குத் தெரிஞ்சது ஓவர்டைம்தான். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டாம். என்னைவிட சின்னப் பொண்ணு.

அந்தப் பொண்ணு ஒரு தாளை அப்பா முன்னாடி வெச்சது. தாள் பூரா சின்னச் சின்ன நட்சத்திரம். "ஐயா, எல்லா சின்ன நட்சத்திரத்தையும் பேனாவால அடிங்க, ஒண்ணு விடக்கூடாது"ன்னது. அப்பா பொறுமையா அடிச்சாரு. "முடிஞ்சதும்மா"ன்னாரு. தாளோட வலது பக்கம் எல்லாம் அடிச்சிருந்தது. இடது பாதியில ஒண்ணுகூட இல்லை. நான் ஆடிப்போயிட்டேன்.

"எல்லாத்தையும் அடிச்சிட்டீங்களா ஐயா?"

"ஆமாம்மா, ஒண்ணு விடலை."

அது ஒண்ணும் சொல்லலை. தாளை அப்படியே தலைகீழா திருப்பி வெச்சது. விட்டுப்போன நட்சத்திரமெல்லாம் இப்போ வலது பக்கம் வந்துடுச்சு. அப்பா ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம், "இத்தனை விட்டுருக்கேனா?"ன்னாரு. குரல் கம்மிடுச்சு.

பக்கவாதம் வந்ததுலேருந்து அப்பாவுக்கு யாராவது ஏதாவது 'கத்துக்கொடுத்த' முதல் நிமிஷம் அதுதான்.

அப்புறம் அந்தப் பொண்ணு விளக்கினது. கண்ணுல கோளாறு இல்லை. வலது மூளை அடிபட்டா இடது பக்க உலகத்தை மூளை கணக்குல எடுத்துக்காம விட்டுடும். தட்டுல இடது பாதி, இலையில இடது மூலை, ரோட்ல இடது ஓரம். எழுத்துலயும் எண்ணுலயும் கூட. 150ன்னு எழுதியிருந்தா இடது பக்க 1ஐ விட்டுட்டு 50ன்னு படிக்கலாம்.

எனக்கு அப்போதான் உறைச்சது. கல்லாவுல குறைஞ்ச நூறு எங்கே போச்சுன்னு.

இதுல இன்னொரு சங்கடம், தனக்குக் குறை இருக்குங்கிறதே நோயாளிக்குத் தெரியாம போகலாம். இதுக்கு அனோசோக்னோசியான்னு பேர், 1914-ல பாபின்ஸ்கிங்கிற நரம்பியல் டாக்டர் வெச்சது. நூறு வருஷத்துக்கு மேல தெரிஞ்ச விஷயம்! இது பிடிவாதமோ திமிரோ இல்லை. குறையைக் கண்டுபிடிக்கவேண்டிய இடமே அடிபட்டுருக்கு. நாம என்னடான்னா, 'ஒத்துக்கவே மாட்டேங்கிறாரு பாரு'ன்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்தோம்.

நிற்க. என்னோட கருத்து இதுதான். பக்கவாதமோ, தலைக்காயமோ, மூளைக்காய்ச்சலோ, பார்க்கின்சனோ, மூளையைத் தொடுற எந்த நோயா இருந்தாலும் சரி. யோசனைத்திறன்ல என்ன மாறியிருக்கு, அதோட எப்படிக் காலம் தள்ளணும்னு நோயாளிக்கும் வீட்டாருக்கும் கத்துக்கொடுக்கிறதும் சிகிச்சைதான். நேரம் இருந்தா செய்யற உபகாரம் இல்லை. அதைச் செய்யாம 'குணமாயிட்டாரு'ன்னு அனுப்பக்கூடாது.

அதுலயும் முக்கியமா, நோயாளிக்கே சொல்லணும். நம்ம ஊர்ல டாக்டர் பேசுறது எப்பவும் கூட வந்தவர்கிட்ட. நாமும் 'அப்பா முன்னாடி சொல்லாதீங்க டாக்டர், மனசு ஒடைஞ்சுடுவாரு'ன்னு வெளியில கூட்டிட்டுப் போயிடுவோம். அன்னிக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸுல அப்பா சொன்னாரு, "எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சோன்னு நினைச்சேன் தம்பி. எல்லாரும் என்னைத் திட்டுறீங்க, ஏன்னு தெரியலை." சொன்னதால அவர் ஒடையலை. சொல்லாம விட்டதாலதான் ஆறு மாசமா ஒடைஞ்சுக்கிட்டு இருந்திருக்காரு.

அதுக்கப்புறம் நிறைய படிச்சேன், அந்தப் பொண்ணை நச்சரிச்சு நிறைய கேட்டேன். எனக்குப் புரிஞ்சதுல சிலது:

1) 'மறதி'ன்னு நாம சொல்றது பாதி நேரம் மறதியே இல்லை. கவனம். டி.வி. ஓடுது, பேரன் அழறான், அம்மா அடுப்படியிலேருந்து 'மாத்திரை போடுங்க'ன்னு கத்துறாங்க. அந்தத் தகவல் உள்ளேயே போகலை. உள்ளே போகாதது எப்படித் திரும்ப வரும்? டி.வி.யை அணைச்சுட்டு, முகத்தைப் பாத்து, ஒரு நேரத்துல ஒண்ணு சொன்னா பாதிப் பிரச்சனை தீரும். மூளை சீக்கிரம் களைச்சும் போகும். கணக்கு வழக்கெல்லாம் காலையில வெச்சுக்கணும், சாயங்காலம் வேண்டாம்.

2) பரீட்சை வைக்காதீங்க. பாக்க வர்ற சொந்தக்காரங்க எல்லாம் முதல்ல கேக்கிறது, "என்னை யாருன்னு தெரியுதா? சொல்லுங்க பாப்போம்!" ஆஸ்பத்திரியில படுத்திருக்கவருக்கு வைவா! ஞாபகசக்தி பாதிக்கப்பட்டவங்க தப்பான பதிலைச் சொன்னா, அது தப்புங்கிறதை மறந்துடுவாங்க, ஆனா அந்தத் தப்பான பதில் மட்டும் ஒட்டிக்கும். அதனால யோசிக்க விட்டுத் திணற வைக்கிறதைவிட, சரியான பதிலை முதல்லயே சொல்லிக்கொடுத்து, தப்பு நடக்கவே இடம் கொடுக்காம பழக்கணும். பேட்லி, பார்பரா வில்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1994-லயே இதைக் காட்டியிருக்காங்க. "நான்தான் உங்க மச்சான் வந்திருக்கேன்"னு நேரா சொல்லிட்டா என்ன குறைஞ்சுடும்?

3) ஞாபகம் இல்லைன்னா கத்துக்கவே முடியாதுன்னு இல்லை. ஹென்றி மொலெய்சன்னு ஒரு அமெரிக்கர். வலிப்புக்காக 1953-ல மூளையில ஆபரேஷன் பண்ணாங்க, அதுக்கப்புறம் புது ஞாபகம் எதுவுமே தங்கலை. பிரெண்டா மில்னர்ங்கிற விஞ்ஞானி அவரைக் கண்ணாடியில பாத்து நட்சத்திரம் வரைய வெச்சாங்க. நாளுக்கு நாள் கை தேறுது. ஆனா முந்தின நாள் வரைஞ்சதே அவருக்கு ஞாபகம் இல்லை! அதாவது பழக்கத்துக்கு வேற வழி இருக்கு. சாவியைத் தினமும் ஒரே ஆணியில மாட்டுறது, நோட்டைத் தினமும் ஒரே நேரத்துல திறக்கிறது மாதிரி விஷயமெல்லாம் அந்த வழியா உள்ளே போகும். அலுக்காம ஒரே மாதிரி செய்யணும், அவ்வளவுதான்.

4) மூளைக்கு ஜிம் தேடாதீங்க. சுடோகு போடச் சொல்லு, வல்லாரை கொடு, வால்நட் கொடு, மொபைல்ல மூளை விளையாட்டு ஏத்திக்கொடு... ஆளுக்கு ஒரு யோசனை. நானும் ஒரு ஆப் போட்டுக்கொடுத்தேன். அந்த விளையாட்டுல அப்பா தேறிட்டாரு, மாத்திரையை மட்டும் மறந்தாரு. விளையாட்டுல வர்ற தேர்ச்சி பெரும்பாலும் விளையாட்டோட நின்னுடுது. பலன் தர்றது நோட்டு, காலண்டர், அலாரம் மாதிரி வெளித்துணைகள்தான். கண் சரியில்லைன்னா கண்ணாடி போடறோம். அது மாதிரிதான் இதுவும்.

இதுல எனக்குப் பிடிச்ச கதை ஒண்ணு. கலிபோர்னியாவுல லாரி டிரெட்கோல்ட்னு ஒரு இன்ஜினியர். மகனுக்குத் தலையில அடி. அந்த அப்பா ஒரு நரம்பு உளவியலாளரோட சேந்து, பேஜர்ல நேரத்துக்கு நேரம் 'மாத்திரை போடு', 'கிளம்பு'ன்னு செய்தி அனுப்புற ஏற்பாடு ஒண்ணை உருவாக்கினாரு. நியூரோபேஜ்னு பேர். இங்கிலாந்துல மேலே சொன்ன பார்பரா வில்சன் குழு அதை 143 பேருக்குக் கொடுத்துப் பாத்து 2001-ல முடிவை வெளியிட்டாங்க. சோதனையை முழுசா முடிச்சவங்கள்ல 80 சதவீதத்துக்கு மேல அன்றாட வேலைகளை முன்னைவிட நல்லா செஞ்சாங்க. ஒரு பேஜர்! இன்னிக்கு நம்ம ஒவ்வொருத்தர் சட்டைப்பையிலயும் அதைவிட நூறு மடங்கு பெரிய சாமான் இருக்கு. நாம அதுல குட்மார்னிங் படம் அனுப்பிட்டு இருக்கோம்.

அப்பா போன்ல இப்போ நாலு அலாரம். மணியடிக்காது. என் தங்கச்சி குரல்ல "அப்பா, நீல டப்பா மாத்திரை. போட்டுட்டு நோட்டுல டிக் பண்ணுங்க"ன்னு சொல்லும். மணி மட்டும் அடிச்சப்போ அணைச்சுட்டு எதுக்கு அடிச்சதுன்னு யோசிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. (இதைக் கண்டுபிடிக்க நமக்கு ஒரு மாசம் ஆச்சு. இன்ஜினியராம்!)

5) சொல்லிட்டாங்கங்கிறதுக்காகப் புரிஞ்சதுன்னு அர்த்தம் இல்லை. அந்தப் பொண்ணு ஒவ்வொரு தடவையும் கடைசியில, "வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க ஐயா, என்கிட்ட சொல்லிக் காட்டுங்க"ன்னு கேக்கும். அவர் சொன்னாதான் அடுத்தது. ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணுதான். முதல் நாள் பாடம் சிவப்புக் கோடு. தாளோட இடது ஓரத்துல சிவப்புக் கோடு போட்டு, "கோடு கண்ணுல படற வரைக்கும் தலையைத் திருப்புங்க, பட்ட பிறகு படிங்க." அவ்வளவுதான். கடை மேசையோட இடது ஓரத்துலயும் நோட்டோட இடது ஓரத்துலயும் சிவப்பு டேப் ஒட்டினோம். தட்டைப் பாதி சாப்பிட்டதும் அம்மா அரைச்சுற்று திருப்பி வைப்பாங்க.

இனி எதிர்க்கேள்விகள்.

'ஒரு நாளைக்கு நூறு பேரைப் பாக்கிற டாக்டருக்கு ஏதுங்க நேரம்?' ஒத்துக்கிறேன். டாக்டர்தான் சொல்லணும்னு யார் சொன்னது? சர்க்கரை நோய்க்குப் பல ஆஸ்பத்திரியில நர்ஸும் டயட்டீஷியனும் வகுப்பெடுக்கிறாங்க இல்லையா, காலைக் கழுவு, செருப்பைப் பாருன்னு? அதே மாதிரி வாரம் ஒரு மணி நேரம் எல்லா நோயாளிகளையும் வீட்டாரையும் உக்கார வெச்சுப் பேசலாம். நல்ல தமிழ்ல ரெண்டு பக்கத் தாள் கொடுக்கலாம். மோகான்னு ஒரு பரிசோதனை இருக்கு, 2005-ல வந்தது, 30 மார்க், பத்து நிமிஷம், தமிழ்லயும் உண்டு. டிஸ்சார்ஜுக்கு முன்னாடி அதையாவது போட்டா, யாருக்கு மேற்கொண்டு பாக்கணும்னு ஒரு குத்துமதிப்பு கிடைக்கும்.

'இதெல்லாம் வெளிநாட்டு சமாச்சாரம்' அப்படீம்பாங்க. இல்லைங்க. வேலூர் சி.எம்.சி.யோட மறுவாழ்வு மையம் 1966-ல ஆரம்பிச்சது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நம்ம ஊர் ஆளுங்களுக்குன்னே நரம்பு உளவியல் பரிசோதனைத் தொகுப்பை 2004-ல வெளியிட்டாங்க. விஷயம் தெரிஞ்சவங்க இருக்காங்க. நம்ம ஊர் மளிகைக் கடை வரைக்கும் அது வந்து சேரலை, அதுதான் பிரச்சனை. 2021-ல தமிழ்நாட்டுல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சப்போ வீட்டுக்கே பிசியோதெரபி வரும்னு சேத்தாங்க, நல்ல விஷயம். கையை மடக்கி நீட்ட வர்றவருக்கு, 'தட்டுல பாதி மிச்சம் வைக்கிறாரா? கணக்கு இடிக்குதா? பொசுக்குன்னு கோபம் வருதா?'ன்னு நாலு கேள்வியும் கத்துக்கொடுத்து அனுப்பினா எவ்வளவு நல்லா இருக்கும்!

'குறையைச் சொன்னா சிலருக்கு மனச்சோர்வு வருமே?' வரும். இது நியாயமான கேள்வி. நட்சத்திரத் தாளைப் பாத்த பிறகு அப்பாவும் ஒரு வாரம் சரியா பேசலை. அதனாலதான் குறையை மட்டும் சொல்லிட்டு விடக்கூடாது, அதுக்கு என்ன பண்ணலாம்னு கையில ஒண்ணு கொடுத்து அனுப்பணும். தாளைக் காட்டின அதே கையாலதான் அந்தப் பொண்ணு சிவப்புக் கோடும் போட்டுச்சு. சோர்வு நீடிச்சா அதுக்கும் டாக்டர் இருக்காங்க, போகணும்.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு கதை விட விரும்பலை. அப்பா இன்னிக்கும் களைச்சுப்போனா இடது பக்கத்தை விட்டுடறாரு. டாக்டர் சொல்லி டிவிஎஸ் 50 சாவியை வாங்கி வெச்சிருக்கோம், அதுல இன்னும் என்மேல கோபம்தான். கல்லாவை அம்மா பாக்கிறாங்க, பெரிய தொகை எதுவா இருந்தாலும் ரெண்டு பேரும் பாத்துதான். ஆனா கணக்கு இடிக்கலை, வீட்ல சத்தம் இல்லை.

அந்தப் பையன் விஷயம் பாக்கி இருக்கே.

விஷயம் புரிஞ்ச ரெண்டு வாரத்துல அப்பாவே சொன்னாரு, "அவன் வீட்டுக்குப் போகணும், கூட்டிட்டுப் போ." போனோம். அவன் அதுக்குள்ள வேற கடையில சேந்துட்டான். அப்பா அவங்க அம்மா முன்னாடி, தெருவுல நாலு பேர் நிக்கும்போதே, "தப்பு என் பேர்ல. என் மூளை பாதியைக் காட்டாம விட்டுருச்சு. நீ எடுக்கலைப்பா"ன்னாரு. சட்டைப்பையிலேருந்து அந்த நட்சத்திரத் தாளை எடுத்து அவனுக்குக் காட்டினாரு. அவன் ஒண்ணும் சொல்லாம உள்ளே போய் காபி கொண்டுவந்து கொடுத்தான். கடைக்குத் திரும்பி வரலை. வரணும்னு கேக்க எங்களுக்கு என்ன உரிமை இருக்கு?

டிஸ்சார்ஜ் ஃபைல்ல ரெண்டு வரி சேத்திருந்தா அந்தப் பையன் ஆறு மாசம் திருடனா இருந்திருக்க மாட்டான். இதை நான் யார் பேர்லயும் கோபமா சொல்லலை. அந்த ஆஸ்பத்திரியிலதான் அப்பா உசுரைக் காப்பாத்தினாங்க. காப்பாத்தின உசுரு வீட்ல எப்படி வாழணும்னும் சொல்லி அனுப்புங்கன்னுதான் கேக்கிறேன்.

உங்க வீட்லயும் யாராவது 'நல்லாயிட்டாரு, ஆனா முன்ன மாதிரி இல்லை'ன்னு இருந்தா, அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது அந்த 'ஆனா'வைச் சொல்லுங்க. அவர் முன்னாடியே சொல்லுங்க.

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்லை, ஆணி புடுங்குறவன். இது எங்க வீட்டு அனுபவமும் படிச்சதும் மட்டும்தான். திடீர்னு குழப்பம், பேச்சு குழறல், கை கால் இழுக்கிறதுன்னு வந்தா பதிவெல்லாம் படிச்சுக்கிட்டு இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

டிஸ்கி 2: இதை எழுதலாமான்னு அப்பாகிட்ட கேட்டேன். "எழுது, ஆனா கல்யாண வீட்ல நீ கத்தினதையும் சேத்து எழுது"ன்னாரு. எழுதிட்டேன்பா :-)